சந்தாப் புத்தகத்தின் கதை: மானிப்பாய் அச்சுக்கூடத்திலிருந்து கைத்தொலைபேசி வரை

 

மானிப்பாய், ஆனைக்கோட்டை, சுதுமலை, நவாலி, சண்டிலிப்பாய் உறவுகளுக்கும், யாழ் நகரத்து எங்கள் ஜமாஅத்தாருக்கும், புத்தளத்திலும் வெளிநாடுகளிலும் இருந்து வாசிக்கும் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களாக எங்களுக்குள் ஒரு பேச்சு நடக்கிறது. ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் பாடக்குறிப்பு, மரண அறிவித்தல், இரத்தம் தேவை என்ற அவசரச் செய்தி எல்லாவற்றையும் நாங்கள் பகிர்ந்துகொள்ளும் இணையக் குழு இருக்கிறதல்லவா? அதில் ஒரு ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் வருகிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளை கணக்குக் கேட்டால் பக்கத்தில் "ஐந்து நிமிடத்தில் கடன்" என்று வருகிறது. "மாதம் ஒரு சிறு தொகை கட்டி, விளம்பரமே இல்லாத ஓர் இடத்துக்குப் போவோம்" என்று சிலர் சொல்கிறார்கள். "சும்மா கிடைக்கிற சாமானுக்கு ஏன் காசு?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். "காசு கட்ட ஏலாதவர் என்ன செய்வது?" என்று ஒரு தங்கை கேட்டா. மூன்றும் நியாயமான பேச்சு.

நாங்கள் வகுப்பில் சரித்திரம் படிப்பிக்கிற ஆட்கள். எந்தக் கேள்வி வந்தாலும் "இதற்கு முன் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா?" என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது பழக்கமாகிவிட்டது. பார்த்தால், இந்தக் கேள்வி மானிப்பாய்க்குப் புதிதே அல்ல. கிட்டத்தட்ட இருநூறு வருடமாக எங்கள் குடாநாடு இதற்கு விதம்விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்தப் பதில்களை வரிசையாகச் சொல்கிறோம்.

1. மிஷன் கட்டிய காசு

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சுத் தொழிலாளரையும் வரவழைத்தார்கள். ஆனால் அப்போதைய ஆட்சியாளர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரை இங்கே தங்க விடவில்லை. மனுசன் பம்பாய்க்குப் போய்விட்டார். அச்சு இயந்திரம் நல்லூரில் இருந்த இன்னொரு மிஷனின் கைக்குப் போனது. பிறகு 1834இல் மைனர் என்ற அச்சாளர் வந்தார். அதன் பின் அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் எங்கள் மானிப்பாயில் இயங்கியது. 1842இல் வந்த, ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அகராதியை இன்றும் அறிஞர்கள் "மானிப்பாய் அகராதி" என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்ததும் இதே ஊரில்தான்.

அந்த மிஷனின் அச்சுக்கூடம் மானிப்பாயில் இருந்த காலத்தில்தான், 1841 ஜனவரி 7இல், "உதயதாரகை" பத்திரிகை தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த பத்திரிகை. அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் எங்கள் மண்ணின் பிள்ளைகள், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். விஞ்ஞானம், வானசாத்திரம், கல்வி என்று பல விடயங்களைச் சனங்களுக்குக் கொண்டுபோன பத்திரிகை அது. அந்த உழைப்பை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் இங்கே எங்களுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காசு யாருடையது? மானிப்பாயில் அச்சான துண்டுப் பிரசுரங்களில் பெரும்பகுதி சனங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டவை. தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் காசு கடல் கடந்து வந்தது. அமெரிக்காவில் தேவாலயங்களில் சேர்ந்த காணிக்கை அது. அதைக் கொடுத்தவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆகவே என்ன அச்சாக வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமையும் அவர்களிடமே இருந்தது. 1855இல் தலைமைப் பீடம் கொள்கையை மாற்றியபோது, மானிப்பாய் அச்சுக்கூடம் மிஷனின் கையை விட்டே போனது. ஊரவர் அதைத் தடுக்க வழியில்லை. அவர்கள் வாசகர்கள், உரிமைக்காரர் அல்லர்.

இது முதல் பாடம். இலவசமாக வந்தது ஒரு நாள் வராமல் விட்டால், கேட்கிறதுக்கு உங்களிடம் ஒரு பற்றுச்சீட்டும் இருக்காது.

2. தங்கள் காசில் தங்கள் குரல்

இதை முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கினார். அடுத்த வருடமே சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். மிஷன் அச்சுக்கு மறுமொழி சொல்ல, சைவர்கள் தங்கள் காசில் ஓர் அச்சுக்கூடம் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பிறகு 1888இல் சைவ பரிபாலன சபை உருவானது. 1889இல் அந்தச் சபை "இந்து சாதனம்" பத்திரிகையைத் தொடங்கியது.

எங்கள் சமூகத்தில் இதே வேலையைச் செய்தவர் கண்டி அறிஞர் சித்திலெப்பை அவர்கள். 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வி படிக்க வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடிய மனிதர். 1885இல் வந்த அவருடைய "அசன்பே சரித்திரம்" தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. படித்தவர் தொகை குறைந்த ஒரு சமூகத்தில், பத்திரிகைக்குக் காசு கொடுத்து வாங்குகிற பழக்கமே இல்லாத காலத்தில், அவர் அதைத் தொடங்கினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று சமூகமும் ஒரே முடிவுக்குத்தான் வந்தன. மற்றவருடைய காசில் எங்கள் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் காசு கொஞ்சம் அதில் இருக்க வேண்டும்.

3. ஒரு சதப் பத்திரிகை

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் வேறொரு வழி பிறந்தது. 1833 செப்ரெம்பரில் நியூயோர்க்கில் பெஞ்சமின் டே என்ற அச்சுக்காரர் "த சன்" என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகள் ஆறு சதம் விற்றபோது இது ஒரே ஒரு சதம். அந்த ஒரு சதத்தில் தாள் செலவைக் கூடச் சரிக்கட்டுவது கஷ்டம். மிச்சத்தை யார் கொடுத்தது? விளம்பரக்காரர்.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. அதுவரை பத்திரிகை வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளியும் அன்றிலிருந்து செய்தி வாசித்தான். ஆனால் வியாபாரத்தின் உள்ளே ஓர் இடமாற்றம் நடந்தது. அதுவரை வாசகர் வாடிக்கையாளர், பத்திரிகை சாமான். அதன் பிறகு விளம்பரக்காரர் வாடிக்கையாளர். அவருக்கு விற்கப்பட்ட சாமான், வாசகரின் கண். எத்தனை கண் சேர்கிறதோ அத்தனை காசு. அதனால் கண்ணைச் சேர்க்கிற செய்திக்கு மரியாதை கூடியது. 1835இல் அதே பத்திரிகை சந்திரனில் இறக்கை முளைத்த மனிதர்களைக் கண்டதாக ஒரு கட்டுக்கதையைத் தொடராகப் போட்டுப் பெரும் விற்பனை கண்டது. இன்று எங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் "அதிர்ச்சித் தகவல்"களின் மூத்தப்பா அதுதான்.

4. விளம்பரம் வேண்டாம் என்றவர்

தென்னாபிரிக்காவுக்குக் காந்தியைக் கூட்டிப்போனது 1893இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வியாபாரியின் வழக்கு. அங்கே 1903இல் "இந்தியன் ஒப்பீனியன்" என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி ஆகியவற்றோடு தமிழ்ப் பகுதியும் ஆரம்பத்தில் இருந்தது. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண் வரை தன் கைக்காசு அதில் கரைந்தது என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட நிலையைக் கடந்து வந்த பத்திரிகையில், 1912இல் விளம்பரங்களை நிறுத்தினார். பின்னர் இந்தியாவில் நடத்திய "யங் இந்தியா", "நவஜீவன்" இரண்டிலும் முதல் நாளிலிருந்தே விளம்பரம் போடவில்லை.

விளைவு என்ன? ஒரு காலத்தில் இரண்டு பத்திரிகைக்குமாக 40,000 அளவில் சந்தாதாரர் இருந்தார்கள். காந்தி சிறைக்குப் போனபின் அது 8,000க்கும் கீழே இறங்கியது. இதையும் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். வாசகர் காசில் நடக்கிற பத்திரிகையின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். வாசகரின் நம்பிக்கை கூடினால் கூடும், குறைந்தால் குறையும். இடையில் தாங்கிப் பிடிக்க வேறு ஒருவரும் இல்லை. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது எங்கள் சனம் கதர் நிதிக்குக் கொடுத்ததும் இதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்: நம்புகிற வேலைக்குக் கையால் எடுத்துக் கொடுப்பது.

5. செல்லப்பாவின் வீட்டு அலுமாரி

யாழ் பொது நூலகத்தின் எரிப்பை எல்லோரும் பேசுகிறோம். அதன் பிறப்பைக் குறைவாகவே பேசுகிறோம். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். பிறகு ஊரவரிடம் ஆதரவு கேட்டார். ஐசாக் தம்பையா அவர்கள் தலைமையில் ஒரு குழு சேர்ந்தது. 1934 ஓகஸ்ட் 1இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் நூலகம் திறந்தது. அன்று இருந்தது 844 புத்தகம், 30 அளவில் பத்திரிகை, சஞ்சிகை.

அறை வாடகையும் புத்தகச் செலவும் நன்கொடையாலும் சந்தாவாலும் நடந்தன. 1935இல் நகரசபை அதைப் பொறுப்பேற்றது. அதாவது ஊரவர் விரும்பிக் கொடுத்த காசு, எல்லோரும் செலுத்துகிற வரியாக மாறியது. கதவு எல்லோருக்கும் பொதுவானது. 1959இல் புதிய கட்டடம் திறந்தது. 1981 மே 31 இரவில் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 844இல் தொடங்கி 97,000 வரை போன அந்தப் பயணத்தின் முதல் அடி ஒரு வீட்டு அலுமாரி, இரண்டாவது அடி ஒரு சந்தாப் புத்தகம்.

நூலகம் பெரிய உதாரணம். சின்ன உதாரணம் எங்கள் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கிறது: சனசமூக நிலையம். ஒரு சின்ன மண்டபம், இரண்டு வாங்கு, ஒரு மேசை, அதன் மேல் அன்றைய பத்திரிகைகள். அங்கத்தவர் மாதம் சிறு சந்தா கட்டுவார்கள். பிரதேச சபை பதிவுசெய்து கொஞ்சம் உதவும். ஆனால் வாசிக்க வருகிறவரிடம் "அங்கத்தவரோ?" என்று ஒருவரும் கேட்பதில்லை. வீதியால் போகிற வழிப்போக்கரும் இருந்து வாசித்துவிட்டுப் போகலாம். 1990க்குப் பின் மின்சாரமும் இல்லாமல், பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு வந்து, பக்கம் குறைந்து, கிடைத்த தாளில் பத்திரிகை அச்சான வருடங்களில் ஒரு பிரதியைச் சுற்றி இருபது பேர் நின்று வாசித்தார்கள் என்று இங்கிருந்த நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த வருடங்களில் நாங்கள் இங்கே இல்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

6. சலூனில் பிறந்த சஞ்சிகை

1966 ஓகஸ்டில் டொமினிக் ஜீவா "மல்லிகை" சஞ்சிகையைத் தொடங்கினார். முடிதிருத்தும் நிலையத்தில் தொழில் செய்த மனிதர். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, தன் படிப்பைத் தானே தேடிக்கொண்டவர். "தண்ணீரும் கண்ணீரும்" சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். அவர் மல்லிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து விற்றார். அப்படியே 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். முஸ்லிம் எழுத்தாளர், மலையக எழுத்தாளர், சிங்கள எழுத்தாளரின் மொழிபெயர்ப்பு என்று எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது.

மல்லிகையில் கடை விளம்பரம் வராமல் இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தைப் பாருங்கள். அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலாளியை முகம் பார்த்துப் பேசலாம். சாமான் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். நாங்கள் வியாபாரச் சமூகம். யாழ் நகரத்தில் தையல்கடை, இரும்புக்கடை, நகைக்கடை வைத்து வாழ்ந்தவர்கள். விளம்பரம் என்றாலே பாவம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஊர்க் கடைக்காரர் தன் கடையின் பெயரைச் சொல்வது வேறு. முகம் தெரியாத ஒரு நிறுவனம் உங்கள் பிள்ளை என்ன தேடினான், எத்தனை மணிக்கு விழித்திருந்தான், எதைப் பார்த்துத் தயங்கி நின்றான் என்று கணக்கெடுத்து, அந்தப் பலவீனத்தை இன்னொருவருக்கு விற்பது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் எங்களுக்குக் குழப்பம் வருகிறது.

7. பள்ளிவாசல் சந்தா

எங்கள் தமிழ் உறவுகள் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஒரு மஹல்லாவில் குடும்பத்துக்கு ஒரு வரி சந்தாப் புத்தகத்தில் இருக்கும். மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுத் தருவார்கள். விளக்கு, தண்ணீர், இமாமின் சம்பளம், மத்ரஸா எல்லாம் அதில்தான் ஓடும். 1956ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ் பள்ளிவாசல்கள் பதிவாகின்றன. ஆனால் சனத்துக்குப் பதிவு என்றால் முதலில் அந்தச் சந்தாப் புத்தகம்தான். அதில் பெயர் இருந்தால் நிர்வாகத் தெரிவில் வாய் திறக்கலாம். கணக்குக் கேட்கலாம். "ஏன் இந்தக் கூரை இன்னும் ஒழுகுது?" என்று எழும்பி நின்று பேசலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சந்தா கட்டாதவரைத் தொழுகையிலிருந்து ஒருவரும் தடுப்பதில்லை. முதல் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதற்கும் பற்றுச்சீட்டுக்கும் சம்பந்தமில்லை. பயணத்தில் வந்தவரும் தொழலாம், கடன்காரரும் தொழலாம். காசு கட்டுகிறவர்கள் இடத்தைத் தாங்குகிறார்கள். இடம் எல்லோருக்கும் உரியது.

1990 ஒக்ரோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை, பாடசாலை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் முதலில் தேடியது உறவுகளை. அடுத்துத் தேடியது அதே தெருக்காரரை. ஒரு தெருவார் நாலு பேர் சேர்ந்தவுடன் ஒரு கொப்பியை எடுத்துப் பெயர் எழுதினார்கள். யாருடைய பிள்ளைக்குச் சுகமில்லை, யாருடைய வீட்டில் மையித்து, யாருக்கு எவ்வளவு சேர்க்கலாம். கையில் ஒன்றுமில்லாத சனம் ஐந்தும் பத்துமாகச் சேர்த்தது. நிவாரணம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் நிவாரணம் வாங்குகிற வரிசையில் நாங்கள் ஒரு தொகை, ஒரு அட்டை இலக்கம். அந்தக் கொப்பியில்தான் நாங்கள் மீண்டும் ஒரு ஜமாஅத் ஆனோம்.

இன்று யாழ்ப்பாணம் திரும்பியவர்களும் புத்தளத்தில் தங்கிவிட்டவர்களும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களும் ஒரே தெருவாராக இருப்பது இணையத்தில்தான். எங்களுக்கு இந்தக் குழுக்கள் பொழுதுபோக்கல்ல. பிரிந்த தெரு மீண்டும் சேர்கிற இடம் அது. அதனால்தான் அந்த இடம் யாருடையது என்ற கேள்வி எங்களுக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

8. ஒரு டொலரில் தொடங்கிய கதை

வட்ஸ்அப் 2009இல் தொடங்கியது. அதன் ஸ்தாபகர்கள் ஜான் கோமும் பிரையன் அக்டனும் விளம்பரத்தை வெறுத்தவர்கள். 2012இல், தாங்கள் ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அதற்குப் பதிலாக வருடத்துக்கு 99 அமெரிக்க சதம் கட்டணம் வைத்திருந்தார்கள். 2014இல் பேஸ்புக் நிறுவனம் அதை 19 பில்லியன் டொலர் விலைபேசி வாங்கியது. அப்போது அதில் வேலை செய்தவர்கள் 55 பேர் அளவில், பாவித்தவர்கள் 45 கோடி. 2016 ஜனவரியில் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவித்தார்கள். கட்டணம் போனதற்கும் விளம்பரம் வந்ததற்கும் இடையில் ஒன்பது வருடம்.

ஐரோப்பாவில் 2023 நவம்பரில் பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் ஒரு தெரிவு கொடுத்தன. மாதம் 9.99 யூரோ கட்டினால் விளம்பரம் இல்லை. கட்டாவிட்டால் உங்கள் தரவைக் கொண்டு விளம்பரம். இது உண்மையான தெரிவல்ல என்று சொல்லி, 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணைக்குழு அந்த நிறுவனத்துக்கு 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த 9.99 யூரோ கட்டுகிறவர் உரிமைக்காரர் ஆவதில்லை. தொந்தரவிலிருந்து விலக்கு வாங்குகிறார், அவ்வளவுதான். கணக்குக் கேட்க முடியாது, நிர்வாகத்தைத் தெரிவுசெய்ய முடியாது. அது சந்தா அல்ல, வாடகை.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1985இல் கலிபோர்னியாவில் "த வெல்" என்ற கணினிவழிச் சமூகம் தொடங்கியது. மாதம் 8 டொலர், அதோடு மணித்தியாலத்துக்கு 2 டொலர். காலப்போக்கில் அது ஒரு கம்பனியின் கைக்குப் போனது. 2012இல் அந்தக் கம்பனி விற்க முயன்றபோது, அங்கத்தவர்களே பணம் சேர்த்து வாங்கிவிட்டார்கள். இருபத்தேழு வருடம் மாதச் சந்தா கட்டிப் பழகிய சனத்துக்கு, கூடிச் சேர்த்து வாங்குவது பெரிய தாவலாக இருக்கவில்லை.

எங்கள் மண்ணிலும் ஒன்று இருக்கிறது. 2005இல் தொடங்கிய "நூலகம்" இணைய எண்ணிம நூலகம். எங்கள் பழைய பத்திரிகை, சஞ்சிகை, பாடசாலை மலர், விழா மலர் எல்லாவற்றையும் வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். விளம்பரம் கிடையாது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள், எல்லோரும் வாசிக்கிறோம். 1934இல் ஆஸ்பத்திரி வீதி ஒற்றை அறையில் நடந்த அதே ஏற்பாடு.

9. சந்தாவின் மறுபக்கம்

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். சந்தா என்றால் எல்லாம் நல்லது என்று சரித்திரம் சொல்லவில்லை. காசு கட்டிச் சேர்கிற இடம், காசில்லாதவரை வெளியே நிறுத்துகிற மதிலாகவும் மாறலாம். வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்புகள் அப்படித்தான். எங்கள் குடாநாட்டிலும் தேநீர்க்கடைக் கதவும் கோயில் கதவும் சிலருக்குப் பூட்டியிருந்த காலம் தூரத்தில் இல்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். பூட்டு எந்தக் காரணத்தால் போட்டாலும் வெளியே நிற்கிறவருக்கு ஒரே வெயில்தான்.

இன்னொரு சிக்கல், நாட்டின் காசு. வெளிநாட்டுச் சேவைகள் டொலரில் கேட்கின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாங்கள் சம்பளப் பட்டியலில் அனுபவித்தவர்கள். இன்று தாங்கக்கூடிய கட்டணம் அடுத்த வருடம் தாங்காமல் போகலாம். வங்கி அட்டையும் எல்லோரிடமும் இல்லை.

ஆகவே எங்கள் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, ஆளுக்கு ஆள் கட்டணம் வேண்டாம். ஊருக்கு ஒரு சந்தாப் புத்தகம் போதும். ஐம்பது குடும்பம் மாதம் 100 ரூபா போட்டால் 5,000 ரூபா. ஒரு சின்ன ஊர்த் தளத்தை நடத்த அது நல்ல தொடக்கம்.

இரண்டாவது, கட்டுகிறவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. கட்ட முடியாதவர் பெயர் அதைவிடத் தெரியக் கூடாது. உள்ளே வந்தபின் எல்லோரும் ஒரே வரிசை, பள்ளிவாசல் மாதிரி, சனசமூக நிலையத்து வாங்கு மாதிரி.

மூன்றாவது, மாதாமாதம் கணக்கு எல்லோருக்கும் தெரியப் போட வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. கணக்கில்லாத சந்தா நன்கொடையாகி, பிறகு சந்தேகமாகி, கடைசியில் சண்டையாகும்.

நான்காவது, இது ஒரு சமூகத்தின் புத்தகமாக இருக்க வேண்டாம். மானிப்பாயில் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோருடைய பெயரும் ஒரே புத்தகத்தில் வரட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆளுக்கொரு அச்சுக்கூடம் வைத்து ஆளை ஆள் மறுத்து எழுதினோம். அதற்கு அப்போது காரணம் இருந்தது. 1990ஐக் கண்டபின், ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்து வாசிக்கிற பழக்கம் எங்களுக்கு அதைவிட அவசியம். அடுத்த வீட்டுக்காரரின் செய்தியைத் தினமும் அவருடைய வாயாலேயே கேட்கிற ஊரில், அவரைப் பற்றிய வதந்தி அவ்வளவு சுலபமாக வேலை செய்யாது.

இது எங்கள் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையோடு பேசுவோம். மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசிகசாலைச் சந்தா அட்டை, பள்ளிவாசல் பற்றுச்சீட்டு, மரண உதவிச் சங்கத்துப் புத்தகம், மல்லிகை வாங்கிய ரசீது, எதுவானாலும் பெட்டிக்குள் கிடந்தால் எறியாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வருகிற தவணையில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் இந்தப் பாடத்தைப் படிப்பிக்க நினைத்திருக்கிறோம்.